அக்கா நூறு வாங்கவில்லை

இந்த மலரைக் கையில் வாங்கியதும் முதலில் அட்டையைத்தான் பார்த்திருப்பீர்கள். அக்காவின் படம். அதைச் சுற்றிப் பூ வேலை. கீழே தடித்த எழுத்தில், 'பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி தேடித் தந்த கல்விச் செல்வி'. படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. கீழே இருக்கிற வரி பொய்.

எங்கள் அக்கா தலைமையாசிரியையாக இருந்த எந்த ஆண்டிலும் அந்தப் பள்ளி நூறு வாங்கியதில்லை. பாதிக்குப் பாதி தேறினாலே பெரிய விஷயம். நூறு வாங்கும் வழி அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே அந்த வழியில் போக மாட்டேன் என்று நின்றார். அதற்காகத்தான் திட்டு வாங்கினார், மாற்றல் வாங்கினார். இப்போது அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. எதை வேண்டாம் என்று தள்ளினாரோ அதையே அவர் பெயருக்குக் கீழே அச்சடித்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறோம். எனக்கு வயிறு எரிகிறது. நினைவு மலரில் இப்படி எழுதக் கூடாதாம், அமைதியாக எழுத வேண்டுமாம். அமைதியாக எழுதுகிறவர்கள் முந்தைய பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள்.

அட்டை வரியைக் கொடுத்தவர் எங்கள் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. விஷயம் தெரிந்து நான் திண்டிவனத்தில் அச்சகத்துக்கு ஓடியபோது அட்டை முழுக்க அடித்துக் காய்ந்து அடுக்கியாகிவிட்டது. சித்தப்பாவும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சித்தப்பா இது? அக்கா எப்ப நூறு வாங்கனாங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஸ்கூல் வாங்கிச்சே. பேப்பர்லயே போட்டானே."

"அது அக்காவ மாத்தனதுக்கு அப்புறம்."

"எப்ப வாங்கனா இன்னாம்மா? செத்தவங்களப் பத்திக் கொஞ்சம் கூட்டிதான் போடணும். இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு."

அவர் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் இல்லை. அண்ணன் மகளுக்குப் பெருமை சேர்க்கிறோம் என்றுதான் மனதார நினைக்கிறார். வேண்டுமென்றே செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் மாமாவிடம் போய் அழுதேன். மாமா என்றால் அக்காவின் கணவர், ரயில்வேயில் இருப்பவர், பேசுவதற்குக் கூலி கேட்கிற மாதிரி அளந்து பேசுகிறவர். "அட்டை போனா போவட்டும். உள்ள நீ எழுதும்மா. யாரு பேரும் போடாத, அவ்ளோதான்" என்றார். அதனால்தான் இதில் ஊர் பெயரோ அதிகாரி பெயரோ இருக்காது. ஒரே ஒரு பெயர் வரும். அதைப் போடச் சொல்லி அதற்கு உரியவளே கேட்டுக்கொண்டாள்.

முறைப்படி பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும். விழுப்புரத்துக்கு மேற்கே பஸ் நிற்காமல் போகிற ஒரு ஊர். அப்பாவுக்குப் புன்செய்க் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும், ஏரிக்கு அடியில் கொஞ்சம் நெல்லும். பெண்கள் இருவர் மட்டும். அக்கா மூத்தவர். சின்ன வயதில் அவருக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து, அது இருதயத்தில் ஒரு கோளாறை விட்டுப் போனது. ஓட முடியாது, கனம் தூக்க முடியாது. அதனால் கொல்லை வேலை வேண்டாம், படிக்கட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் படித்தது இப்படித்தான், யாருடைய பெருந்தன்மையாலும் அல்ல. விழுப்புரத்தில் உயர்நிலைப் பள்ளி, பிறகு சென்னையில் கல்லூரி, அதன் பிறகு ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி. பட்டம். எல்லாவற்றையும் மூச்சு வாங்க மூச்சு வாங்கவே முடித்தார்.

நானும் அதே விழுப்புரம் பள்ளியில்தான் படித்தேன். அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. நான் பத்தாவது முடித்த சமயம் தலைமையாசிரியை அம்மாள் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல அம்மாள்தான். எங்களை அடித்தது கிடையாது. அப்பாவை உட்கார வைத்துப் பக்குவமாகச் சொன்னார்.

"பெரிய பொண்ணு கெட்டிக்காரிங்க. சின்னது கணக்குல வீக்கு. பதினொண்ணுக்கு அனுப்பனா ஸ்கூல் ரிசல்ட்டு அடிபடும். இன்னும் ஒரு வருஷம் இதே கிளாஸ்ல இருக்கட்டும்."

"ஒரே வகுப்புல ரெண்டு வருஷம் குந்திக்கினு இருக்கறதுக்கு எதுக்குங்க பஸ் ஏத்தி அனுப்பணும்" என்று அப்பா என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் படிப்பு அந்தப் பஸ்ஸோடு முடிந்தது.

லீவுக்கு வந்த அக்கா விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அப்பாவிடம் அதுவரை எதிர்த்துப் பேசாதவர், அன்று நேருக்கு நேராகக் கேட்டார். "இவ பெயில் ஆனாளாப்பா?"

"ஆவல. ஆவப் போறான்னு அந்தம்மா சொன்னாங்க."

"ஆவப் போறான்னா நிறுத்தறது? ஆன பிறகு பாத்துக்க மாட்டாங்களா?"

அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை, பள்ளிக்கூடம் சொன்னதை அவர் கேட்டார். ஆனால் அக்கா பிறகு எப்படிப்பட்ட தலைமையாசிரியை ஆனார் என்று நீங்கள் யாராவது கேட்டால், அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் அதை அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அக்கா மயிலம் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போனார். குடியிருப்பு திண்டிவனத்தில், எனக்குப் பக்கத்துத் தெரு. பள்ளிக்கூடம் இருந்த ஊரும் புதிதல்ல. எங்கள் சித்தப்பா பெண் கொண்ட ஊர் அது. மாமனார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிப் பெரிய மனிதராகிவிட்டிருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரேதான். சித்தப்பா இருக்கிற ஊர், பயமில்லை என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய வேலை நிற்கவில்லை, ஒரு வகுப்பு கீழே இறங்கி வந்திருந்தது, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஆசிரியர்கள் கூடி உட்காருவார்கள். பொதுத் தேர்வில் தேறாது என்று தோன்றுகிற பெண்களை ஒன்பதாவதிலேயே நிறுத்துவார்கள். இல்லையென்றால் தகப்பனைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கினு போயி பிரைவேட்டா எழுதச் சொல்லுங்க" என்பார்கள். எந்தக் கூலிக்காரன் மகள் பிரைவேட்டாக எழுதியிருக்கிறாள்? நான் பார்த்ததில்லை. இப்படிச் சலித்து எடுத்து, தேறுகிற பெண்களை மட்டும் தேர்வுக்கு அனுப்பினால் நூறு வராமல் என்ன செய்யும்?

முதல் வருஷக் கூட்டத்தில் கணக்கு டீச்சர் வழக்கம்போலப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினாராம். அக்கா நிறுத்தச் சொன்னார். "எல்லாரும் பத்தாவதுக்குப் போறாங்க டீச்சர். அடுத்த வேலயப் பாக்கலாம்" என்றார். இதைக் கணக்கு டீச்சரே பிற்பாடு என்னிடம் சொன்னார். அவருக்கு அன்று சுள்ளென்று கோபம் வந்ததாம். "என் சப்ஜெக்ட்ல பெயில் விழுந்தா எனக்குத்தான் மெமோ வரும் மேடம்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

"வரட்டும். நான்தான் சொன்னேன்னு எழுதிக் குடுங்க" என்று அக்கா சொன்னார். "பாஸாவற பொண்ணுக்கு நான் எதுக்கு டீச்சர்? அது எங்க இருந்தாலும் பாஸாவும். தேறாதுன்னு தெரியற பொண்ணுக்குத்தான் பள்ளிக்கூடம், அதுக்கு ஒரு ஹெச்.எம்., இத்தன பேரு நாம."

வெறும் வாய் வார்த்தையாக அவர் விடவில்லை. பலவீனமான பெண்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வகுப்பு வைத்து, அதில் தானும் இங்கிலீஷ் எடுத்தார். அப்படியும் பெயில் ஆனார்கள். ஆகத்தான் செய்வார்கள். வீட்டில் விளக்கில்லை, படிக்க நேரமில்லை, எட்டு வருஷம் யாரும் கவனிக்காமல் விட்ட கணக்கு ஒன்பது மாதத்தில் வந்துவிடாது. அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தே அனுப்பினார்.

அந்தப் பெண்களில் ஒருத்தி அஞ்சலை. தன் பெயரைப் போடச் சொன்னவள் இவள்தான். ஒரு வருஷம் கிணற்று இறவையில் போட்ட மல்லாட்டை பிடுங்குகிற நாளும் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வும் ஒன்றாக வந்துவிட்டன. அஞ்சலையோடு இன்னும் சில பெண்கள் தேர்வுக்கு வரவில்லை. வராதவள் பெயில், அது சட்டம். அக்கா அதோடு விடவில்லை. ரிக்‌ஷா கூடப் போகாத வழியில் வெயிலில் நடந்து, அந்தப் பெண்கள் வேலை செய்த கொல்லைக்கே போனார். அது எங்கள் சித்தப்பாவின் கொல்லை.

பெண்கள் குந்திக்கொண்டு செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா வரப்பில் நின்றபடியே, "அஞ்சலை, வியாழக்கிழம உங்களுக்கு மட்டும் மறுபடி பரீட்ச வெக்கிறேன். எல்லாரும் வந்துடணும்" என்றார். அஞ்சலை சித்தப்பாவைப் பார்த்தாள்.

சித்தப்பா சிரித்தார். "இன்னாம்மா நீ, கொல்லைக்கே வந்து பரீட்ச பேசிக்கினு. மழ வந்துதுன்னா மல்லாட்ட மண்ணுலயே மொளச்சிக்கும், தெரியுமில்ல?"

"தெரியும் சித்தப்பா. நானும் மல்லாட்டக் கொல்ல வெச்சிருந்தவரு பொண்ணுதான். ஒரு நாளு வேற ஆளு வெச்சிக்குங்க."

"இதுங்க பாஸாவப் போறதில்ல. எதுக்கு உனுக்கு இந்த வீம்பு?"

"பாஸாவறாங்களா இல்லயான்னு பரீட்ச எழுதனாதான தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி நடந்தார். வியாழக்கிழமை அஞ்சலை வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரும் பத்தாம் வகுப்புக்குப் போனார்கள். சித்தப்பா அதை மறக்கவில்லை.

அந்த ஆண்டு கோடை லீவு முடிந்ததும் பழைய பத்தாம் வகுப்பின் முடிவு வந்தது. பாதிக்கும் கீழே. எங்கள் பகுதிக்கு அப்போது இருந்த கல்வி அதிகாரி, தலைமையாசிரியர்களை எல்லாம் கூட்டி வைத்துத் தேர்ச்சி குறைந்தவர்களை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார். அக்காவையும் எழுப்பினார். நடந்ததை அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து, அந்த ஆள் குரலிலேயே நடித்துக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன வருஷம் ஒன்பதாவதுல எத்தன பேர நிறுத்தனீங்க?"

"யாரையும் நிறுத்தலைங்க சார்."

"அப்ப ரிசல்ட் எப்டிம்மா வரும்?"

"ரிசல்ட் வந்துதுங்களே சார். படிச்ச எல்லாரும் எழுதனாங்க, வந்தது இதான். நீங்க கேக்கறது வேற."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம். அதிகாரிக்கு முகம் சிவந்து போனது. "உங்க தத்துவத்தயெல்லாம் வீட்ல வெச்சிட்டு வாங்கம்மா. இங்க நிர்வாகம் நடக்குது" என்று சொல்லி, கூட்டம் முடிகிற வரைக்கும் அக்காவை உட்காரச் சொல்லவில்லை. இருதயக் கோளாறு உள்ள ஒரு பெண்மணி மத்தியானம் முழுக்க நின்றார். பக்கத்தில் இருந்த ஒரு தலைமையாசிரியரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அதிகாரியின் இரங்கல் செய்தியும் இந்த மலரில் இருக்கிறது. அக்காவின் கடமை உணர்வைப் பாராட்டியிருக்கிறார். நிற்க வைத்தது அவருக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அந்த வார்த்தையை நான் இன்னும் மெல்லுகிறேன். தத்துவத்தை வீட்டில் வைக்க வேண்டுமாம். அந்த அதிகாரிக்குத் தத்துவம் இல்லையா? கணக்கு வராத பெண்ணை மறைத்து வை, எண்ணிக்கையை அழகாகக் காட்டு, மேலே இருக்கிறவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள் என்பதும் தத்துவம்தான். என்னை நிறுத்திய அம்மாளுக்கும் ஒன்று இருந்தது, பள்ளியின் பெயர் பெண்ணைவிடப் பெரிது என்பது. ஒரு பள்ளியை நடத்துகிற யாரும் அப்படி ஒன்று இல்லாமல் நடத்த முடியாது. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே அனுப்புவது என்று தினமும் ஒருத்தர் முடிவு பண்ணுகிறார், அது வானத்திலிருந்தா வருகிறது? அக்கா தன்னுடையதை எழுந்து நின்று வெளியே சொன்னார். மற்றவர்கள் தங்களுடையதை விதி என்றும் நிர்வாகம் என்றும் சொல்லிக்கொண்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், அதற்குத் தண்டனை அக்காவுக்கு.

பிறகு மனு போயிற்று. பள்ளியின் தரம் கெட்டுவிட்டது, விதியை மீறி மறுபடி தேர்வு வைக்கிறார், ஊர் பெயர் போகிறது என்று. முதல் கையெழுத்து பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், அதாவது எங்கள் சித்தப்பா. அதன் கீழே ஊர்க்காரர்கள், அதில் அஞ்சலையின் தகப்பனும் உண்டு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யாரு பொண்ணுக்காக நீ வெயில்ல போயி நின்னியோ அவனே போட்டுருக்கான் பாரு" என்று கத்தினேன்.

"போடலன்னா அடுத்த பட்டத்துக்கு அவர யாரு வேலைக்குக் கூப்புடுவா? விடு பாப்பா" என்றார் அக்கா. எனக்குப் பிள்ளைகள் பிறந்து பெரியவர்களான பிறகும் அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

பொங்கலுக்கு முன்பு மாற்றல் உத்தரவு வந்தது. வானூர் பக்கம் ஒரு பள்ளி. உடனே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மாற்றல் பெரிதல்ல, வேறு ஒன்று இருந்தது. பொதுத் தேர்வுக்கு யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு பெயர்ப் பட்டியல் போக வேண்டும். அதில் ஏறினால்தான் ஹால் டிக்கெட். பட்டியல் இன்னும் போகவில்லை. அக்கா கிளம்பியதும், வருகைப் பதிவு குறைவு என்று சொல்லி அஞ்சலையையும் அவள் வரிசைப் பெண்களையும் விட்டுவிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அன்று மத்தியானம் நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். மயிலம் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினார். கையில் ஒரு காகிதக் கட்டு. முகம் வெளுத்து மூச்சு இரைத்தது.

"இன்னாக்கா இந்நேரத்துல? சார்ஜ் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. இத சேத்துட்டுப் போயிதான் குடுக்கணும். கூட வா."

கல்வி அலுவலகம் மாடியில். பாதிப் படியில் அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். குடு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடி ஏறினார். மேலே இருந்த குமாஸ்தா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முழு கிளாஸும் இருக்கே. இன்னும் நாள் இருக்கும்மா, நாளைக்கு வாங்க" என்றார்.

"நாளைக்கு நான் ஹெச்.எம். இல்லைங்க" என்றார் அக்கா.

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். பிறகு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார். அக்கா படியிறங்கி, சோடா ஒன்று குடித்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்துத் திரும்பிப் போய்க் கணக்கு டீச்சரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். நான் காய்ப்பையோடு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னை நிறுத்திய அன்று விழுப்புரத்தில் இப்படி ஒருத்தர் மாடி ஏறியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

வருகை குறைவு என்று எழுதிக் கொடுத்து அந்தப் பெயர்களை எடுத்துவிடச் சொல்லிக் கணக்கு டீச்சருக்கு நெருக்குதல் வந்தது. எடுக்கச் சொல்லி எங்கள் சித்தப்பாவும் நேரில் போய்ச் சொன்னார். டீச்சர் எடுக்கவில்லை. பின்பு ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்தபோது, "உங்க தத்துவம் எனக்கு இன்னும் புடிக்கல மேடம். ஆனா பேர நீங்க அனுப்பிட்டுப் போயிட்டீங்க. அடிக்க எனக்குக் கை வரல" என்றார். அக்கா அவருக்குக் கேப்பை அடை சுட்டுக் கொடுத்தார்.

எல்லாப் பெண்களும் தேர்வு எழுதினார்கள். முடிவு மோசம். அஞ்சலை கணக்கிலும் இங்கிலீஷிலும் பெயில். அக்கா சொன்னது சரியாகிவிட்டது, அஞ்சலை முதல் வகுப்பில் தேறினாள் என்று எழுதினால் உங்களுக்கெல்லாம் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று, "பாத்தியா, நான் சொல்லல?" என்றார்.

அடுத்த வருஷம் புதிய தலைமையாசிரியர் வந்து ஒன்பதாம் வகுப்பை நன்றாகச் சலித்தார். அதற்கு அடுத்த பத்தாம் வகுப்பு முடிவில் அந்தப் பள்ளிக்கு நூறு வந்தது, பத்திரிகையில் செய்தி வந்தது, ஊரில் இனிப்பு கொடுத்தார்கள். அட்டையில் இருக்கிற நூறு அதுதான். அந்த நூறில் சேராத பெண்கள் அந்தப் பட்டத்துக்கு எங்கள் சித்தப்பா கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்தார்கள்.

அக்காவோ தினமும் பாண்டிச்சேரி பஸ்ஸில் போய் இறங்கி, வானூருக்கு இன்னொரு பஸ் பிடித்து, அதற்கு மேலும் நடந்தார். அங்கேயும் அதே வேலையைத்தான் செய்தார், அங்கேயும் யாரையும் நிறுத்தவில்லை. மாற்றல்தான் அவரைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். இருதயம் முன்பே பழுது, பொய் சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஆனால் அந்த நடை அவருக்குத் தேவையில்லாத நடை. போன ஆடியில் மூச்சுத் திணறல் அதிகமாகி, பாண்டிச்சேரியில் சேர்த்து, மாமாவும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே அடங்கினார். கடைசி வாரத்தில் பேசிய கொஞ்சப் பேச்சில், வானூர்ப் பெண்களின் பட்டியல் போய்விட்டதா என்று ஒரு தடவை கேட்டார். இன்னும் காலம் இருக்கிறது என்று மாமா சொன்னார்.

எனக்கு அக்காமீதும் கோபம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். மனு போட்ட சித்தப்பாவின் வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். மானம் இல்லையா உனக்கு என்று கேட்டேன். "அவரு வேற இன்னா பண்ணுவாரு பாப்பா, அவருக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றார். அவருக்கு யார்மீதும் கசப்பு வரவில்லை. பட்ட அவமானம் எல்லாம் எங்கே போயிற்று என்று பார்த்தால், அத்தனையும் என்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் மன்னித்துவிட்டுப் போய்விட்டார். நான் மன்னிப்பதாக இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மயிலம் பக்கத்திலிருந்து சில பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பந்தல் ஓரமாக நின்றார்கள். சித்தப்பா அவர்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த உறவுக்காரரிடம், "நம்ம கொல்லைக்கு வேலைக்கு வர்ற பொண்ணுங்க. ஒன்பதாவது வரைக்கும் நம்ம பொண்ணுகிட்டதான் படிச்சுதுங்க" என்று சொன்னார்.

ஒருத்தி முன்னால் வந்தாள். இடுப்பில் குழந்தை. மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது.

"ஒன்பதாவது இல்லீங்க. டென்த்து. டென்த் பெயிலு."

சித்தப்பா பந்தி பக்கம் கையைக் காட்டினார். "சரிம்மா, சரி, சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அவள் நகரவில்லை. என்னைப் பார்த்து, "ரெண்டு பேப்பர்தாங்கக்கா பாக்கி. மத்ததெல்லாம் பாஸு. கொழந்த நடந்ததும் மறுபடி எழுதப் போறேன். என் பரீட்ச நம்பர் ஆபீஸ்ல இருக்குது, யாரும் எடுக்க முடியாதுன்னு ஹெச்.எம். அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். அவள்தான் அஞ்சலை.

இனி நன்றி சொல்ல வேண்டும். பாண்டிச்சேரியில் அக்காவுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிய என் மகளுக்கும், வாய் பேசாமல் எல்லாம் செய்த மாமாவுக்கும் நன்றி. பிடிக்காத தத்துவத்துக்காக நெருக்குதலைத் தாங்கிய கணக்கு டீச்சருக்கு நன்றி. முத்திரை வைத்த குமாஸ்தாவுக்கு நன்றி, அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பந்தல் போட்டு, சமையலுக்கு ஆள் வைத்து, பதினாறு நாளும் ஓடியாடிய சித்தப்பாவுக்கும் அந்த உழைப்புக்காக நன்றி. அட்டைக்கு நன்றி இல்லை. வீட்டுக்குப் போனதும் ஒரு பேனா எடுத்து அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். 'இவர் பள்ளியில் படித்த பெண்கள் பத்தாவது பெயில் ஆனார்கள்' என்று எழுதுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அஞ்சலைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணத்திலும் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் என்ன படித்திருக்கிறாய் என்று என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பெயில் என்று சொல்லவும் என்னை விடவில்லை.